விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒரு ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று வீறாப்புப் பேசுகிறவர்கள் ஒரு தடவை மடித்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் தரையில் புரளும், அதைத் தூக்கினால் இந்தப் பக்கம் கோணிக்கொள்ளும், கடைசியில் கையில் இருப்பது விரிப்பா மூட்டையா என்று சந்தேகம் வந்துவிடும். ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். ஒரு உதறு உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, விறைப்பாக இழுத்து, பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். அங்கே ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுப்பாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில், மடிக்கும் அறையில், நேர்கோடு இந்த வேலையைத்தான் செய்துவந்தாள்.

நேர்கோடு என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டாள். அது சலவைக்கூடத்துக்காரர்கள் வைத்தது. மடிப்பும் நேர், சுவரை ஒட்டி நடக்கிற நடையும் நேர், பேச்சு அதைவிட நேர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "நல்ல பேரு. அர்த்தம் உடனே புரியுது" என்று சொல்லிவிட்டாள். கேலி செய்ய வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதுவரைக்கும் அவளுக்குப் பெயருக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்தில் திமிர் பிடித்தவள். சொந்தக்காரர்கள் வாயில் அழுத்தக்காரி. முகத்தைப் பார்த்துப் பேசாததால் மனதில் எதையோ மறைக்கிறவள். நாலு பேர் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிடுவதால் யாரோடும் ஒட்டாதவள். டாக்டர் சொன்னதைக் கேட்டு அண்ணி அழுதாள். நேர்கோடு அழவில்லை. "அப்போ நான் கெட்டவ இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லைம்மா" என்று டாக்டர் சொன்னதும் எழுந்து வெளியே போய், வீட்டுக்குப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வேலை அவளுக்குப் புதிதல்ல. வேலையிலிருந்து அனுப்பப்படுவதும் புதிதல்ல. துணிக்கடையில் ஒரு அம்மாள் கண்ணாடி முன்னால் நின்று, "இந்தக் கலர் எனக்கு எடுக்குதா?" என்று கேட்டாள். "எடுக்கலை" என்றாள் இவள். கேட்டதற்குப் பதில் சொன்னது ஒரு குற்றமா? குற்றம்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. "சார் இருக்காரா?" என்று யாரோ கேட்க, "இருக்கார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மூன்றாவதாக, அட்டைப்பெட்டி கட்டுகிற கம்பெனி. அங்கே தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கண்ணில் அது படவே இல்லை, அவளுக்கோ அது மண்டைக்குள் துடித்தது. மாற்றச் சொல்லிக் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார்கள். எப்போது பார்க்கலாம் என்று தினமும் போய்க் கேட்டாள். விளக்கை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது சுலபமாக இருந்தது அவர்களுக்கு.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலர் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள்: "ஏதாவது அபூர்வத் திறமை இருக்குமே?" ஒரு மண்ணும் கிடையாது. அவளுக்குப் பெரிய கணக்குப் போடத் தெரியாது, படம் வரையத் தெரியாது, பாட்டு வராது. விரிப்பை நன்றாக மடிப்பாள், அவ்வளவுதான். அதிலும் அவளைவிட வேகமாக மடிக்கிறவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஏதாவது வித்தை காட்டினால்தான் ஒருத்திக்கு நிற்க இடம் கொடுப்போம் என்று சட்டம் போட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் தெருவில்தான் நிற்க வேண்டும்.

வீட்டில் அவளைப் புரிந்துகொண்டவள் அண்ணிதான். அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, நாத்தனார் நடுவே வந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க, எரிச்சலில் "எங்கேயாவது போய்த் தொலை" என்று கத்திவிட்டாள். நேர்கோடு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊரெல்லாம் தேடி, சாயங்காலம் கடைசி பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தார்கள். பசியோடு உட்கார்ந்திருந்தாள். "இதுக்கு அப்புறம் எனக்கு வழி தெரியாது. இங்கேயே தொலைஞ்சது போதுமா அண்ணி?" என்று கேட்டாள். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து நாத்தனாரிடம் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு வாய்த்தவள் பெரியக்கா. வயதிலும் உடம்பிலும் பெரியவள், அறையில் எல்லாருக்கும் அக்கா. முதல் நாள் நடுவில் சந்தித்து முனையைக் கொடுத்தபோது விரல் பட்டது. நேர்கோடு சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள், விரிப்பு தரையில் விழுந்தது. வேறு எவளாவதாக இருந்தால் "என் கையில என்ன சொறியா சிரங்கா?" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருப்பாள். பெரியக்கா விரிப்பை எடுத்து உதறினாள். அடுத்த தடவை, துணியின் நுனியிலும் நுனியைப் பிடித்து நீட்டினாள். விரல் படவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே படவில்லை. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

அப்படியே வருடங்கள் ஓடின. உருளை இஸ்திரியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் விரிப்புகளை இருவரும் மடித்து வண்டியில் அடுக்குவார்கள். பெரியக்கா மகளைப் பற்றிச் சொல்வாள், முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வாள். நேர்கோடு பெரும்பாலும் பேச மாட்டாள், ஆனால் எல்லாம் காதில் விழும். முழங்கால் வலி என்று கேட்ட நாளிலிருந்து, குனிந்து மடிப்பை எடுக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் கிளம்பும்போது பெரியக்கா, "போயிட்டு வரேன்" என்பாள். "எப்போ?" என்று கேட்பாள் நேர்கோடு. "நாளைக்குக் காலைல" என்பாள் பெரியக்கா. காலையில் வந்தும் நிற்பாள். உலகத்தில் சொன்ன சொல்லும் நடக்கிற காரியமும் இப்படிப் பொருந்திப்போகிற இடம் நேர்கோட்டுக்கு அது ஒன்றுதான். பெரியக்காவை அவள் அவ்வளவு நம்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பெரியக்காவின் மகளுக்கு வெளியூரில் குழந்தை பிறந்தது. முழங்காலும் இனிமேல் ஒத்துழைக்காது என்று சொல்லிவிட்டது. வேலையை விட்டுவிட்டு மகளோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. எல்லாரிடமும் சொன்னாள். நேர்கோட்டிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கிக்கொண்டே கடைசி நாளுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கடைசி நாளில்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்தது. 'அனைவரையும் அரவணைக்கும் பணியிடம்' என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். நேர்கோட்டைப் போன்றவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து சொல்லித்தரப் போகிறாராம். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தச் சின்னக் கூடத்துக்கு இரண்டு ஒலிபெருக்கி வைத்தார்கள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவர் ஊத, மைக் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டது. நேர்கோடு காதைப் பொத்திக்கொண்டு எழுந்தவள்தான், துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரை அரவணைக்கக் கூட்டம் போட்டார்களோ அவள் ஒருத்திதான் அதில் இல்லை. பேச்சாளர் சாயங்காலம் வரைக்கும் அரவணைத்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் பெரியக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, இன்றோடு விடைபெறுகிறார் என்று அறிவித்து, கைதட்டி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நேர்கோட்டுக்கு இது எதுவும் தெரியாது. துணி அறையின் கதவை மெல்லத் திறந்து பெரியக்கா தலையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"போயிட்டு வரேன், கண்ணு."

"எப்போ?"

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீக்கிரம் வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

இதில் பெரியக்காவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கிளம்புகிறவர்கள் யாராவது "போறேன்" என்று சொல்வார்களா? சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவார்கள். நிரந்தரமாக ஊரை விட்டே போகிறவர்கள்கூட "வரேன்" என்றுதான் படியிறங்குகிறார்கள். நம் பேச்சு அப்படி. கேட்கிறவர்களும் அதைக் கேட்ட மாதிரி கேட்டு, விட்டுவிடுகிறார்கள். நேர்கோடு விடவில்லை.

மறுநாள் பெரியக்கா வரவில்லை. 'சீக்கிரம்' என்றால் நாளை என்று கட்டாயம் இல்லை என்று நேர்கோடு எடுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் அந்த இடத்துக்கு ஒரு புதியவள் வந்தாள். கலகலவென்று பேசுகிறவள், எல்லாரும் 'புதுசு' என்றார்கள். வந்ததும் வராததுமாக விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.

"அது பெரியக்கா இடம்" என்றாள் நேர்கோடு.

"அவங்கதான் போயிட்டாங்களே!"

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். புதுசும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "அட, பிடிங்க சும்மா!" என்று அவள் கையைப் பற்றி இழுத்தாள். அவ்வளவுதான். நேர்கோடு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தனியாகவே மேசைமேல் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். ஒரு விரிப்பை முடிப்பதற்குள் மற்ற மேசைகளில் நாலைந்து முடிந்துவிடும். எதிரில் புதுசு கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இஸ்திரியிலிருந்து துணி மலையாகக் குவிந்தது. வார்டுகளிலிருந்து விரிப்பு எங்கே, விரிப்பு எங்கே என்று ஆள் மேல் ஆள் வந்தார்கள். தலைமை நர்ஸ் சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

சூப்பர்வைசர் கெட்டவரல்ல. வேலை அதிகம், பொறுமை குறைவு, அவ்வளவுதான். அவளை அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் வண்டிக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பயந்துபோய்த் திரும்ப மடிக்கும் அறைக்கே கொண்டுவந்து விட்டார். அவள் திரும்பத் தன் முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை யாருக்கும் கொடுக்காமல் நின்றாள். கடைசியில் அவர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நானும் எவ்வளவுதான் தாங்குறது சொல்லுங்க? இந்த வாரம் முடியறதுக்குள்ள அவங்க புது ஆளோட சேர்ந்து மடிக்கணும். இல்லைன்னா வீட்லயே வெச்சுக்கோங்க."

வீட்டில் வைத்துக்கொள்வதா! அவள் என்ன பண்டமா, பாத்திரமா? அண்ணிக்குச் சுருக்கென்றது. மூன்று இடத்திலிருந்து துரத்தப்பட்டவள் இந்த ஒரு இடத்தில்தான் வேர் பிடித்திருந்தாள். வேலைக்குப் போகிறவள் என்ற நிமிர்வு அவள் முதுகிலேயே தெரியும். இதுவும் போனால் இனி அவளை எங்கேயும் அனுப்ப முடியாது, அவளும் கிளம்ப மாட்டாள். பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்த பிறகு மாதக்கணக்கில் வாசற்படி தாண்டாமல் கிடந்ததை அண்ணி பார்த்தவள்.

சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள். சுற்றி வளைத்தால் வேலைக்கு ஆகாது என்று தெரியும்.

"பெரியக்கா வேலையை விட்டுட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

"வரேன்னு சொன்னாங்க அண்ணி."

"அது சும்மா சொல்றது."

"நீங்க அங்க இல்லை. அவங்க எங்கிட்ட சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலை." கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்கோடு கேட்டாள்: "அப்போ அவங்க பொய் சொன்னாங்களா?"

அண்ணி கையில் ஈரத்துணியோடு நின்றாள். ஆமாம் என்றால் இவள் நம்பிய ஒரே ஆளும் பொய்க்காரியாகிவிடுவாள். இல்லை என்றால் இவள் சாகும்வரை அந்த முனையைக் காவல் காப்பாள். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவள் சொன்னால்தான் உண்டு. போனிலும் முடியாது, அந்த அலுவலக வேலை போனதிலிருந்து நேர்கோடு போனைக் காதில் வைப்பதே இல்லை.

பெரியக்காவின் எண்ணை வாங்கி அண்ணி பேசினாள். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. ஆனால் நேரில் வந்து சொல்லுங்கள் என்றதும் பெரியக்கா பின்வாங்கினாள்.

"வரேம்மா, வந்து பார்க்கறேன். ஆனா போறேன், வர மாட்டேன்னு என் வாயால சொல்லச் சொல்லாத. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் அவசரத்துல, 'போறேன்'னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாரு. வரேன்னு சொல்லுங்கன்னு பின்னாடியே ஓடினேன், காதுல விழலை. அன்னைக்குப் போனவர்தான். அந்த வார்த்தை எனக்கு ஆகாது."

அண்ணி விடவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "உங்க பயம் எனக்குப் புரியுதுக்கா. ஆனா நீங்க நல்ல மனசோட சொன்ன வார்த்தை அவ வேலைக்கு உலை வைக்குது. இந்த வாரத்தோட அவளை நிறுத்திடுவாங்க. நான் சொல்லிப் பார்த்தாச்சு, அவ உங்களைத்தான் நம்புவா."

அந்த வார்த்தையைச் சொல்கிறேன் என்றும் பெரியக்கா ஒத்துக்கொள்ளவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

வாரத்தின் கடைசி நாள் காலையில், உருளை இஸ்திரி சூடேறிக்கொண்டிருக்கும்போது, பெரியக்கா காலைத் தாங்கித் தாங்கி மடிக்கும் அறைக்குள் வந்தாள். எல்லாரும் "அக்கா! அக்கா!" என்று சூழ்ந்துகொண்டார்கள். அண்ணியும் கூட வந்து கதவருகில் நின்றாள். நேர்கோடு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வரேன் என்று சொன்னவள் வந்திருக்கிறாள், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? புதுசைப் பார்த்து, "சொன்னேன் இல்ல?" என்றாள். விரிப்பை எடுத்து மறுமுனையை நீட்டினாள்.

பெரியக்கா பிடித்துக்கொண்டாள். உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்து நடுவில் சந்தித்தார்கள். துணியின் நுனியைப் பிடித்து நீட்டியபடி பெரியக்கா வாயைத் திறந்தாள்.

"கண்ணு, நான் இனிமே முன்ன மாதிரி வர முடியாது…"

"பின்ன எந்த மாதிரி வருவீங்க?"

"அதாவது… மக வீட்டுல வேலை இருக்கு, காலும் வலிக்குது, அதனால அடிக்கடி…"

"அடிக்கடி இல்லைன்னா எந்தெந்தக் கிழமை?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி திரும்பி ஒரு முறை முறைத்தாள், சிரிப்பு அடங்கிவிட்டது. பூசி மெழுகிப் பேசிப் பயனில்லை என்று பெரியக்கா கண்டுகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்னும் முனையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நான் போறேன்."

"ஐயோ அக்கா, வாயைக் கழுவுங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தி பதறினாள். இன்னொருத்தி உச்சுக்கொட்டினாள். பெரியக்கா நிறுத்தவில்லை.

"நான் வேலையை விட்டுட்டுப் போறேன். இந்த வேலைக்கு இனிமே வர மாட்டேன். அன்னைக்குச் சீக்கிரம் வரேன்னு சொன்னது தப்பு. உன்னை ஏமாத்தணும்னு சொல்லலை. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை."

நேர்கோடு கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள், கசங்காமல்தான் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். சின்னக் குழந்தை மாதிரி, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். பெரியக்கா அணைத்துக்கொள்ளக் கையை நீட்டி, நினைவு வந்து, மடக்கிக்கொண்டாள். தொடாமல் பக்கத்தில் நின்றாள். அறையே கை ஓய்ந்து நின்றது. மற்ற நாட்களில் துணி தாமதமானால் குதிக்கிற சூப்பர்வைசர் அன்று வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேர்கோடு சொன்னாள்: "அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன்."

வாயைக் கழுவச் சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நேர்கோடு வாசல் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு இங்க வேலை இருக்கா, இல்லையா?"

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் ஒண்ணும் கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்…" என்று ஆரம்பித்தவர், அவள் அப்படியே நின்று காத்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார். அவருக்கும் அன்று ஏதோ உறைத்திருக்க வேண்டும். "இருக்கு" என்றார். "புதுசோட சேர்ந்து மடிச்சா இருக்கு. அதுக்கு உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சலவைக்கூடத்தில் மட்டுமல்ல, பெட்டிக் கம்பெனியில், துணிக்கடையில், எங்கேயுமே. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"என் கையைத் தொடக்கூடாது. துணியோட நுனியைப் பிடிச்சுக் கொடுக்கணும். கூட்டத்துல மைக் வெச்சா நான் இருக்க மாட்டேன், அதனால அங்க சொன்னதை எங்கிட்ட அப்புறமா வந்து சொல்லணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றாள் புதுசு. "இதை எங்கிட்ட முதல் நாளே யாராவது சொல்லியிருந்தா நான் ஏன் கையைப் பிடிக்கப்போறேன்? எல்லாரும் சிரிச்சாங்களே தவிர ஒருத்தரும் சொல்லலையே!" அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் கோபமும் நியாயம்தானே. "நான் நிறையப் பேசுவேன். அது பரவாயில்லையா?"

"பேசுங்க. நான் பதில் சொல்ல மாட்டேன்."

"பதில் சொல்லாத ஆளைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருக்கேன்" என்றாள் புதுசு. அறை சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு நேர்கோட்டைப் பார்த்து இல்லை.

பெரியக்கா புதுசைக் கூப்பிட்டு, நுனியை எப்படிப் பிடித்து நீட்டுவது என்று காட்டிக்கொடுத்தாள். புதுசு முதல் விரிப்பைக் கீழே போட்டாள், அடுத்ததைக் கோணலாக்கினாள். நேர்கோடு ஒன்றும் சொல்லாமல் பிரித்துத் திரும்ப உதறினாள். குவிந்து கிடந்த துணி மெல்லக் குறைய ஆரம்பித்தது. பெரியக்காவின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணி நினைவுபடுத்தினாள்.

பெரியக்கா கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். பழக்கதோஷம், "போயிட்டு…" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள்.

நேர்கோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை நேராகப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, அன்று பார்த்தாள். "வேலைக்கு வர மாட்டீங்க. சரி. என்னைப் பார்க்க வருவீங்களா?"

வராமல் எங்கே போவேன், கட்டாயம் வரேன், அடுத்த மாதமே வரேன் என்று அத்தனையும் பெரியக்காவின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அவளும் ஆயுள் முழுக்க அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறாள். பஸ் பயணத்தை நினைத்தாள், முழங்காலை நினைத்தாள், மகளையும் கைக்குழந்தையையும் நினைத்தாள்.

"தெரியலை, கண்ணு" என்றாள்.

நேர்கோடு தலையை ஆட்டினாள். "சரி. அப்போ நான் காத்துட்டு இருக்க மாட்டேன். வந்தா சந்தோஷப்படுவேன்."

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். நேர்கோடு அடுத்த விரிப்பை எடுத்து, மறுமுனையைப் புதுசிடம் நீட்டினாள்.